தொழில் நொடித்து 35 வருஷம், அண்ணனும் தம்பியும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை

நடுப்பிள்ளை:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா அச்சகம் நடத்தினார். அண்ணன் படிப்பை முடித்த கையோடு அதில் உட்கார்ந்தார், அப்பாவே அவரைப் பங்குதாரராகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கினார். நன்றாகத்தான் ஓடியது. புது ஆப்செட் எந்திரத்துக்கு ஒரு கடன் வாங்கினார்கள், அந்த நேரம் பார்த்து மொத்த வேலையில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே வாடிக்கையாளர் பாக்கியை இழுத்தடித்துக் கடைசியில் கைவிரித்துவிட்டார், அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு கடன், அதன் வட்டியைக் கட்ட மூன்றாவது கடன். அவ்வளவுதான். எந்திரத்தைக் கழற்றி இரும்பு விலைக்கு எடுத்துப் போனார்கள். அப்போது அண்ணனுக்கு 25, எனக்கு 21, தம்பிக்கு 13.

அப்பா அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை. அண்ணன் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து சம்பளத்தில் பாதியை அச்சகக் கடனுக்கே கட்டினார், கடைசித் தவணை கட்டும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். தம்பி படித்தான், மென்பொருள் நிறுவனம் ஆரம்பித்தான், அதை நல்ல விலைக்கு விற்றான். இன்றைக்கு எங்கள் மூவரில் வசதி என்றால் அவன்தான்.

அவன் கொடுக்காதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அம்மாவின் மருத்துவச் செலவு முழுக்க அவனுடையது, அண்ணன் மகள் படித்ததும் அவன் பணத்தில்தான். ஆனாலும் அவன் வருகிறான் என்று தெரிந்தால் அண்ணனுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். போன தடவை எப்படியோ இருவரையும் ஒரே நாளில் வரவைத்தேன். பேச்சுவாக்கில் தம்பி, "அப்பாவுக்கு வியாபாரமே தெரியாதுண்ணே, ஒரே ஆளை நம்பி யாராவது எந்திரம் வாங்குவாங்களா" என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த செய்தித்தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணி மட்டும் என் காதோடு, "அந்த எந்திரத்துல அவரு கையெழுத்தும் இருக்கே" என்றார்.

இப்போது அம்மா தன் பெயரில் இருக்கும் வீட்டை (அம்மா பங்குதாரர் இல்லை, அதனால்தான் அது தப்பியது) முழுவதும் அண்ணனுக்கே எழுதிவிட நினைக்கிறார். தம்பிக்குத் தெரியாது. எனக்கு அதில் ஆட்சேபம் கிடையாது, ஆனால் இவர்களுக்குள் மிச்சம் இருப்பதும் இதனால் அறுந்துவிடுமோ என்று பயம். பழைய கதையை இந்த வயதில் கிளறலாமா, விட்டுவிடலாமா? இதில் பணம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்றே எனக்குப் பிடிபடவில்லை.

பழையபேரேடு:

கணக்குத் தணிக்கைதான் என் பிழைப்பு, அதனால் என் பதில் அந்தப் பக்கமாகவே சாயும். நொடித்த குடும்பத் தொழில்களின் காகிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாக் குடும்பத்திலும் "நாம எல்லாரும் சேர்ந்துதான் கஷ்டப்பட்டோம்" என்று ஒரு வாக்கியம் இருக்கும். காகிதத்தில் அப்படி இருக்காது. சாதாரணப் பங்குதாரர் நிறுவனத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் மொத்தக் கடனுக்கும் பொறுப்பு, லாபத்தில் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்றாலும் கடன்காரர் முழுத் தொகைக்கும் அவர் கழுத்தில் கை வைக்கலாம். வரையறுக்கப்பட்ட கம்பெனியாகப் பதிந்திருந்தால் தப்பலாமே என்பார்கள். சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும், அங்கேயே அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆக உங்கள் வீட்டில் சட்டப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருவர், அப்பாவும் அண்ணனும். அப்பாவால் சம்பாதிக்க முடியாமல் போனபின் ஒருவர். நீங்களும் தம்பியும் கஷ்டப்பட்டீர்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் உங்கள் யார் பெயருக்கும் நோட்டீஸ் வந்திருக்காது.

படிப்பை முடித்த கையோடு வந்த அந்தப் பையன் அன்று எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அப்பா நீட்டினார், போட்டார்.

என் யோசனை இதுதான். ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள், மூடும்போது பாக்கி எவ்வளவு, அதை யார், எந்த வருஷம் வரை கட்டினார்கள், அதே வருஷங்களில் தம்பியின் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது. கடைசி வரி முக்கியம். பெரும்பாலும் அதற்கும் அண்ணன் பெயர்தான் பதிலாக வரும், கடைக்குட்டிகளுக்கு அது தெரியாமலே வைத்திருப்பார்கள். வசூல் பண்ணுவதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. ஆளாளுக்கு மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு 35 வருஷம் வட்டி ஏற்றியிருக்கிறீர்கள், எல்லார் முன்னாலும் ஒரே தொகை இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

வீடு விஷயம். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக எழுதுவது அநியாயம் என்று உங்கள் அம்மா கூச்சப்பட வேண்டியதில்லை. ஜெர்மனியின் வாரிசுச் சட்டத்தில், பெற்றோரின் தொழிலில் நெடுநாள் உழைத்தோ பெரிய தொகை கொடுத்தோ சொத்தைக் காப்பாற்றிய பிள்ளை, பங்கு பிரிக்கும்போது அதைச் சரிக்கட்டும்படி உடன்பிறந்தவர்களிடம் கேட்க முடியும். ஜப்பானிலும் 1980இல் நடந்த சட்டத்திருத்தத்தில் இப்படி ஓர் ஏற்பாடு வந்தது. பிரான்சில் பெற்றோரின் விவசாயத்தில் கூலி வாங்காமல் உழைத்த பிள்ளைக்கு, அந்தக் கூலியைப் பின்னால் சொத்திலிருந்து கேட்கும் உரிமை 1939 முதல் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு, அதை அங்கே ஒரு வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் உழைத்தவனுக்குக் கூட என்ற நினைப்பு உலகத்தில் புதிது ஒன்றுமில்லை. ஒரே நிபந்தனை, அம்மா உயிரோடு இருக்கும்போது, அம்மா வாயால், தம்பிக்குத் தெரிய வேண்டும். காரியம் முடிந்தபின் வக்கீல் அறையில் தெரிந்தால் அது அண்ணன் பின்னிய சதி ஆகிவிடும்.

கடைக்குட்டி:

எங்கள் வீட்டில் அந்தத் தம்பி நான்தான். அச்சகத்துக்குப் பதில் லாரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் எல்லாம் அப்படியே.

கொடுக்கிறவன் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பணம் வந்தபின் என் வீட்டில் யாரும் என்னோடு சண்டை போடுவதில்லை. முன்பெல்லாம் அண்ணன் என்னை வாயை மூடுடா என்பார், தலையில் தட்டுவார். இப்போது போன் எடுத்ததும் "பிஸியா இருக்கியா" என்று கேட்கிறார். சொந்த அண்ணன், என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப் போனவர், ஏதோ அதிகாரியிடம் பேசுகிற மாதிரி. நான் எந்தச் சினிமாவை நல்லா இருக்கு என்றாலும் எல்லாருக்கும் நல்லா இருக்கிறது. குடும்பக் கூட்டத்தில் நான் வாய் திறந்தால் எல்லாரும் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள், இது மரியாதை என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருந்து பார்த்தால் தனிமை.

அப்புறம் இன்னொன்று, உங்கள் தம்பி அப்பாவுக்கு வியாபாரம் தெரியாது என்று சொன்னதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 13 வயதில் என்ன நடக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள், அவன் வெளியே உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டிருப்பான். ஏன் விழுந்தது என்பதற்கு அவனாக ஒரு விளக்கம் செய்து வைத்திருக்கிறான். அந்த விளக்கம் அவனுக்குத் தேவை, ஏனென்றால் "அப்பா இந்தத் தப்பைச் செய்தார், நான் செய்ய மாட்டேன்" என்பதில்தான் அவன் ராத்திரி தூங்குகிறான். அப்பா எல்லாம் சரியாகச் செய்தும் விழுந்தார் என்று ஆகிவிட்டால் நாளைக்கு இவனும் விழலாம் அல்லவா.

நான் இன்னமும் தெரியாத நம்பர் என்றால் போனை எடுப்பதில்லை. யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை, இருந்தும்.

ரெண்டாவது_மருமகள்:

அண்ணியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே, அதனால் நான் பேசுகிறேன். இந்த மாதிரிக் குடும்பத்துக்குள் கல்யாணமாகிப் போகிறவள் நல்ல நாட்களைப் பார்த்திருக்க மாட்டாள். உங்களுக்கெல்லாம் அச்சகம் என்றால் அப்பா மிடுக்காக நடந்த காலம் ஒன்று ஞாபகத்தில் இருக்கும், மை வாசனை இருக்கும். அவருக்கு அந்தப் பெயர் மாசாமாசம் சம்பளத்தில் இருந்து கழிகிற ஒரு தொகை, அவ்வளவுதான். அவர் வாங்காத கடன், அவர் பார்க்காத எந்திரம், அதற்காக அவர் பிள்ளைக்கு இல்லை என்று சொன்னது எத்தனை இருக்கும். அப்புறம் ஒரு நாள் கொழுந்தன் வந்து அதே பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டுகிறார், எல்லாரும் அவரைத் தெய்வம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளவும் வேண்டும், நன்றியும் சொல்ல வேண்டும். அந்த நன்றி தொண்டையில் எப்படி இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தம்பி முதலில் பேச வேண்டியது அண்ணனிடம் இல்லை, அண்ணியிடம்.

ஒருசொல்கேளீர்:

நான் கொஞ்சம் எதிராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தொழில் விழுந்ததால்தான் உறவு கெட்டது என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டீர்கள். ஜெர்மனியில் ஹெர்ட்சோகனௌராக் என்ற சின்ன ஊரில் டாஸ்லர் சகோதரர்கள் சேர்ந்து விளையாட்டுக் காலணித் தொழில் நடத்தினார்கள். அது நொடிக்கவில்லை, கொடிகட்டிப் பறந்தது. 1948இல் பிரிந்து, அடோல்ஃப் டாஸ்லர் அடிடாஸை ஆரம்பித்தார், ருடால்ஃப் பூமாவை ஆரம்பித்தார், இருவருமே பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். ருடால்ஃப் 1974இலும் அடோல்ஃப் 1978இலும் இறந்தார்கள், ஒரே கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு கோடியில் புதைத்தார்கள். இரண்டு கம்பெனி ஊழியர்களும் 2009இல் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடித்தான் அந்தப் பகைக்கு ஒரு முடிவு என்று அறிவித்தார்கள்.

ஆக, பணம் இருந்தாலும் பிரிகிறவர்கள் பிரிவார்கள். உங்கள் அண்ணனுக்கும் தம்பிக்கும் 12 வயசு வித்தியாசம். அச்சகம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தால் கூட இவர்கள் நெருக்கமாக இருந்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? சில அண்ணன் தம்பிகளுக்குப் பேச ஒன்றும் இருக்காது. அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நாம்தான் அச்சகத்தை இழுக்கிறோமோ என்னவோ.

வாசிப்புப்பித்து:

மேலே சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்த 12 வயசு வித்தியாசம் சும்மா இல்லை, அதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர், 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வருமானம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்து பார்த்த தரவுகளை அலசினார். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920, 21 வாக்கில் பிறந்தவர்கள் ஒரு குழு, பெர்க்லியில் 1928, 29இல் பிறந்தவர்கள் இன்னொரு குழு. மூத்த குழுவுக்கு மந்தம் வந்தபோது பதின்ம வயது, வெளியே சின்ன வேலைக்குப் போனார்கள், வீட்டில் பொறுப்பு எடுத்தார்கள், மொத்தத்தில் தேறிவிட்டார்கள். இளைய குழு அப்போது சின்னக் குழந்தைகள், அவர்களில் பையன்களைத்தான் அது அதிகம் பாதித்தது. செய்ய ஒரு வேலையும் இல்லாமல் வீட்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பணம் போனது நேராகப் பிள்ளையைத் தாக்குவதை விட, பணம் போனதால் அப்பா எரிந்து விழுகிறவராக, நினைத்தபடி தண்டிக்கிறவராக மாறியது வழியாகத்தான் அதிகம் தாக்கியது என்பதும் அதில் ஒரு முடிவு. பிற்பாடு 1980களின் விவசாய நெருக்கடிக்குப் பிறகு அயோவா மாநிலக் குடும்பங்களை ராண்ட் காங்கரும் எல்டரும் ஆராய்ந்தபோதும் இதே வரிசைதான் தெரிந்தது, கடன் நெருக்குகிறது, பெற்றோர் மனம் சோர்கிறார்கள், அவர்களுக்குள் சண்டை வருகிறது, அது பிள்ளையிடம் வந்து முடிகிறது.

உங்கள் வீட்டுக்கு இதை அப்படியே ஒட்டவைக்க முடியாது, உங்கள் தம்பி கைக்குழந்தை இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள், மூன்று பேரும் ஒரே அப்பாவோடு வளரவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தவர் தொழில் நடத்திய மனிதர், தோற்கும்போது கூட நின்று பார்த்தார், ஏன் அந்த முடிவை எடுத்தார் என்றும் தெரியும். தம்பி விவரம் தெரிந்து பார்த்தது தோற்று முடிந்த மனிதரை மட்டும்தான். அப்பாவைப் பற்றி அண்ணனும் தம்பியும் பேசும்போது வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள், அதனால்தான் ஒரே வாக்கியத்தில் விஷயம் செருப்பு மாட்டுவது வரை போகிறது.

கிளறலாமா என்று கேட்டீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன், மிச்சம் இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்கள் புது அறிமுகங்களைக் குறைத்துக்கொண்டு மனதுக்கு நெருக்கமான சிலரிடம் ஒதுங்குவார்கள் என்று காட்டியிருக்கிறார். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அறுபதில் இருக்கும் அண்ணனுக்குச் சமாதானம் ஆகிவிடும் ஆசை கூடியிருக்கலாம். இல்லாவிட்டால், தம்பியைத் தன் சின்ன வட்டத்துக்கு வெளியே வைப்பது என்று சத்தமில்லாமல் முடிவே செய்துகொண்டிருக்கலாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர் இன்னும் எழுந்து போகிற அளவுக்கு வலிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், முடிவு செய்துவிட்டவராக எனக்குத் தெரியவில்லை.

நடுப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. ஒரு தகவலை விட்டுவிட்டேன். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அண்ணன்தான் கட்டினார், அப்பா பெயரில். அப்பாவின் கௌரவம் போகக்கூடாது என்று அப்பாவிடம் கொடுத்து, அப்பா கையால் தம்பியிடம் கொடுக்க வைத்தார். இது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், தம்பிக்கு இன்றுவரை தெரியாது. பழையபேரேடு ஐயா சொன்னதும்தான் இது உறைத்தது. இதைத் தம்பியிடம் சொல்லிவிட்டால் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டாரோ?

ஒருசொல்கேளீர்:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இது பேச ஒன்றும் இல்லாத கேஸ் இல்லை.

கடைக்குட்டி:

சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். ஆனால் அவன் பணம் கொடுக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள், உடனே இன்னொரு காசோலை எழுதித் தீர்க்கத்தான் பார்ப்பான், எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதை மட்டும் தடுத்துவிடுங்கள். அண்ணனிடம் போய் "அப்பா அந்த எந்திரத்தை ஏன் வாங்கினார்" என்று நிஜமாகவே தெரியாத ஆள் மாதிரி கேட்கச் சொல்லுங்கள். அவனுக்கு நிஜமாகவே தெரியாது.

ரெண்டாவது_மருமகள்:

சொல்வதற்கு முன் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனிடம் அனுமதி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அண்ணி அப்படிச் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழையபேரேடு:

வரிசை முக்கியம். முதலில் கட்டணம் பற்றிய செய்தி, நாலைந்து வாரம் அது ஊறட்டும், அதற்கப்புறம் அம்மா வீட்டைப் பற்றிப் பேசட்டும். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் முதலாவது இரண்டாவதற்குப் போட்ட தூண்டில் போல ஆகிவிடும். அப்படியே அம்மா எழுதித் தருவதில், ஏன் ஒருவருக்கு மட்டும் என்ற காரணத்தை இரண்டு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள். கடன் முடிந்ததற்கு வங்கி கொடுத்த கடிதம் அண்ணனிடம் இருந்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் கடன் முடிந்த தேதி இருக்கும்.

நடுப்பிள்ளை:

கடிதம் அண்ணியின் பெட்டியில் இருக்கிறதாம், இப்போதுதான் போனில் கேட்டேன். ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, "எப்ப வர்றீங்க" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.